மாடி புத்தகக் கடையில கவிதை வாசிப்பு: டீ சுமார், கூட்டம் சூப்பர்

கவிதை கேக்குறதுக்காக கடலூர்லேருந்து பஸ் ஏறுவேன்னு நானே நினைச்சதில்ல, தங்கச்சிதான் ரெண்டு டிக்கெட் போட்டுட்டு வா வான்னு இழுத்துட்டுப் போனா. புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடை, மாசத்துல ஒரு சனிக்கிழமை மாடியில நடத்துறாங்க, ஆளுக்கு 100 ரூபா, டீ சுண்டல் அதுலயே. நாப்பது பேருக்கு பாய் விரிச்சிருந்தாங்க, வந்தது அறுபது பேர் இருக்கும், மிச்சப் பேர் படிக்கட்டுல. தலைப்பு வேற காதல், போர், மொழி. செத்தோம்டான்னு உக்காந்தேன்.

காதலுக்கு குறுந்தொகை 40, அதான் செம்புலப் பெயல்நீர், செம்மண்ணுல விழுந்த மழைத்தண்ணி மாதிரி ரெண்டு நெஞ்சும் கலந்துருச்சுன்னு வர்ற பாட்டு. சினிமா புண்ணியத்துல எல்லாருக்கும் தெரிஞ்சதால நடத்துற அண்ணன் ஆரம்பிக்கும்போதே கூட்டமும் சேர்ந்து சொல்லுது. அவரு விளக்கம்னு ஒண்ணும் இழுக்கல, ஒரு கண்ணாடி டம்ளர்ல கேப்பர் மலை செம்மண்ணு கொண்டாந்திருந்தாரு, தண்ணி ஊத்தி கலக்கி முன்னாடி இருந்த புது ஜோடி கையில குடுத்து "இப்ப பிரிச்சுக் குடுங்க பாப்போம்"னாரு. ஒரே சிரிப்பு. எழுதுனவர் பேரு தெரியாம அந்த வரியையே பேரா வச்சு செம்புலப் பெயனீரார்னு சொல்றோம்னாரு, எனக்கு அது புதுசு. (அரை மணி நேரத்துல மண்ணு அடியில தங்கி தண்ணி தெளிஞ்சிருச்சு, தங்கச்சி டம்ளரக் காட்டி கண்ணடிச்சா. அந்த ஜோடிகிட்ட நாங்க சொல்லல.)

போர்தான் ஆள அசைச்சிருச்சு. புறநானூறு 112, பாரி செத்து பறம்பு மலையும் கைவிட்டுப் போனப்புறம் அவரோட பொண்ணுங்க பாடுனது. போன மாச நிலாவுல அப்பாவும் இருந்தாரு மலையும் எங்களோடது, இந்த மாச நிலாவுல ரெண்டுமே இல்ல, அவ்ளோதான், மொத்தமே அஞ்சு வரி. ஒரு அக்கா ராகமெல்லாம் போடாம பேசுற மாதிரி படிச்சாங்க. ஒருத்தரும் கை தட்டல. கடைசி வரிசையிலேருந்து ஒரு பெரியவர் எந்திரிச்சு "எங்க ஊரு சுரங்கத்துக்குப் போச்சும்மா, அவங்களுக்கு குன்று போச்சு, எங்களுக்கு இப்ப அந்த எடத்துல பள்ளம், இன்னொரு வாட்டி படிங்க"ன்னாரு. அந்தம்மா திரும்பப் படிச்சாங்க. அப்புறம் ஒரு பாட்டி, அவங்கப்பா சொல்தாவாம், பிரெஞ்சு பட்டாளத்துல சைகோன் வரைக்கும் போனவராம், "அங்க என்னப்பா நடந்துச்சுன்னு கேட்டா வாய தொறக்க மாட்டாரு, கொண்டாந்த பீங்கான் கிண்ணத்த மட்டும் நாங்க தொடக் கூடாது"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. அது கவிதை இல்லதான், ஆனா அன்னைக்கு கேட்டதுலயே எனக்கு அதுதான் நின்னுச்சு.

மொழி பகுதி சறுக்கல். பாரதிதாசன் பொறந்த ஊரு, பெருமாள் கோயில் வீதியில அவரு இருந்த வீடே மியூசியமா இருக்கு, கூட்டம் மொதல்லயே ரெடி. படிச்சவரு அத கட்சி மேடை ஆக்கிட்டாரு, மைக் வேற எக்கோ அடிக்குது. பிரெஞ்சுக்காரன் ஆட்சியில வருஷக்கணக்கா தமிழ் வாத்தியாரா பாடம் எடுத்த மனுஷன் பாரதிதாசன், அதப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தாலே போதும். ஆனா கடைசியா ஒம்போதாவது படிக்கிற பொண்ணு சொந்தமா எழுதுனது ஒண்ணு படிச்சுது, ஸ்கூல்ல தமிழ் பேசுனா ஃபைன், வீட்ல அம்மா திட்டுறது மட்டும் சுத்தத் தமிழ்லன்னு. விசில் பறந்துச்சு, அவங்கம்மாவே முந்தானையால மூஞ்ச மூடிக்கிட்டு சிரிக்கிறாங்க.

குறைன்னா, முக்கா மணி நேரம் லேட்டா ஆரம்பிச்சாங்க, அத்தன பேருக்கு ரெண்டே ஃபேன், டீ எங்க வரிசைக்கு வரும்போது வெறும் சூடு தண்ணி. சுண்டல் நல்லா இருந்துச்சு, மாங்கா தேங்கா போட்டு. பாத்ரூம் கீழ, சாவி யார்கிட்டன்னு தேடணும். பழைய உரைப் பதிப்பெல்லாம் அன்னைக்கு வெல கம்மி பண்ணிக் குடுத்தாங்க, புறநானூறு ஒண்ணு 120 ரூபாய்க்கு வாங்குனேன், அட்டை மட்டும் கிழிசல்.

அடுத்த மாசத்துக்கு இந்த தடவ டிக்கெட் போட்டது நானு. போறவங்க ஆறு மணிக்கே போயி ஃபேனுக்குக் கீழ எடம் புடிச்சுருங்க, டீய கீழ இருக்கிற கடையிலயே குடிச்சுட்டு ஏறுங்க.