மான்ஸ்டெராவுக்கு எத்தனை லக்ஸ்? சென்னை ஃப்ளாட்டில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நர்சரியில் மான்ஸ்டெரா (பெரிய இலைகளில் வெட்டு விழும் அலங்காரக் கொடி) வாங்கினால் கூடவே ஒரு வரி வரும்: "நேர் வெயில்ல வைக்காதீங்க, வெளிச்சம் மட்டும் நல்லா இருக்கணும்." சரிதான். ஆனால் "நல்லா" என்பதை முடிவு செய்யக் கண்ணை நம்ப முடியாது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். மொட்டை மாடி உச்சி வெயில் 1,00,000 லக்ஸ். ஹாலில் சோபா பக்கம் 150 லக்ஸ் தேறினால் அதிகம். இரண்டு இடத்திலும் நமக்குப் பேப்பர் படிக்க முடிகிறது. செடிக்கு இரண்டாவது இடம் சுத்தப் பட்டினி.

அதனால் முதல் கருவி போன்தான். இலவச லக்ஸ் மீட்டர் ஆப் போதும். ஆண்ட்ராய்டில் சென்சார் பெரும்பாலும் திரைக்கு மேலே, ஸ்பீக்கர் ஓட்டை அருகில் இருக்கும். போனை இலை இருக்கும் உயரத்தில், திரை ஜன்னலைப் பார்க்கும்படி பிடித்து, காலை 9, மதியம் 12, மாலை 4 மணிக்கு அளக்க வேண்டும். போனுக்குப் போன் எண் மாறும். ஒரே போனில் அளந்து ஒப்பிட்டால் போதும். பகலில் எட்டு முதல் பத்து மணி நேரம் 5,000 லக்ஸுக்கு மேல் கிடைத்தால் புது இலை ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாக வருகிறது. 1,000 லக்ஸுக்குக் கீழே செடி உடனே சாகாது, சரியாக வளரவும் வளராது.

ஜன்னல் விஷயத்தில் வெளிநாட்டு வீடியோக்கள் நம்மைக் குழப்பிவிடும். வடக்கு ஜன்னலில் எப்போதும் நேர் வெயில் படாது என்பது அவர்கள் ஊர்க் கணக்கு. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். மே, ஜூனில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் சாய்வெயில் விழும். தெற்கு ஜன்னலில் நேர் வெயிலே இருக்காது. டிசம்பரில் தலைகீழ்: நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். சன்ஷேடு சின்னதாக இருந்தால் வெயில் அறைக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே ஒரு முறை அளந்து வைத்த இடம் வருஷம் முழுக்க சரிப்படாது. ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் மறுபடி அளப்பது நல்லது.

மேற்கு ஜன்னல் தனி ரகம். கோடையில் மதியம் 2 மணிக்கு மேல் வரும் வெயில், கண்ணாடியை ஒட்டிய இலையைச் சுட்டுவிடும். முதலில் வெளிறி, பிறகு காகிதம் போலக் காய்ந்த பழுப்புத் திட்டு. அது ஆறாது, அடுத்த இலைதான் பதில். மெல்லிய வெள்ளைத் திரை போட்டாலும் சரி, தொட்டியை மூன்றடி உள்ளே தள்ளினாலும் சரி. நிழலில் இருந்த செடியை வெயில் பக்கம் நகர்த்துவதானால் இரண்டு மூன்று வாரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக.

கொசு வலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வலை போட்டு அளந்து, திறந்து அளந்து பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் அங்கேயே போய்விடும். வலையில் தூசி படிந்திருந்தால் இன்னும் மோசம்.

வெளிச்சம் குறைந்தால் காம்பு நீளும், கணுக்களுக்கு நடுவே இடைவெளி கூடும், வெட்டு விழாத சிறிய இலை வரும். (இளஞ்செடியில் வெட்டு விழாது, அது வேறு விஷயம்.) இதைவிட ஆபத்தானது மண். வெளிச்சமில்லாத செடி தண்ணீரை உறிஞ்சுவது குறையும். வழக்கம்போல ஊற்றினால் மண் வாரக்கணக்கில் ஈரமாகவே இருந்து வேர் அழுகும். வடகிழக்குப் பருவமழை மேகமூட்டத்தில் நிறைய மான்ஸ்டெரா போவது இதனால்தான். குளிர் மேல் பழி போடுவார்கள், பாவம்.

செடி பற்றி ஏறக் கம்பம் நடுவதானால் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், தண்டின் முதுகில் நடவும். இலை வெளிச்சத்தைப் பார்க்கும், காற்று வேர் நிழல் பக்கம் போய்க் கம்பத்தைப் பிடிக்கும். இப்படி வளரும் செடியைத் திருப்பித் திருப்பி வைக்கக் கூடாது.

ஜன்னல் போதாத வீட்டுக்கு விளக்கு. செடி வளர்ப்புக்கென்றே விற்கும் ஊதா நிற க்ரோ லைட் தேவையில்லை. அறை அழகும் போகும், லக்ஸ் ஆப்பும் அதைக் குறைத்துத்தான் காட்டும். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 20 வாட் வெள்ளை எல்இடி டியூப், இலைக்கு ஒரு அடி மேலே மாட்டினால் ஏறக்குறைய 2,000 முதல் 3,000 லக்ஸ் தரும். தனியாக இது போதாது. ஜன்னல் வெளிச்சத்தோடு 12 மணி நேரம் எரிந்தால் வித்தியாசம் தெரியும். ஜன்னலே இல்லாத மூலைக்கு இரண்டு டியூப். மூன்றடி உயரத்தில் மாட்டினால் காசு தண்டம். ஒரு டியூப்புக்கு மாதம் 7 யூனிட் சொச்சம், இரண்டு மாத பில்லில் 15 யூனிட்டுக்குள்.

டைமர் வாங்கும்போது பேட்டரி உள்ள டிஜிட்டல் வகையாகப் பாருங்கள். சுற்றிவிடும் மெக்கானிக்கல் டைமர் கரன்ட் போனதும் நின்றுவிடும். நாலு பவர் கட்டுக்குப் பிறகு பார்த்தால் விளக்கு ராத்திரி பதினோரு மணி வரை எரிந்துகொண்டிருக்கும்.