மெடிக்கின் தோளில் 11 வருடம்: எஸ்.எல்.ஆர்., இன்சாஸ், ஏ.கே.

சத்தியமங்கலம் காட்டில் ரோந்து போகும் சிறப்புக் குழு ஒன்றில் 11 வருடம் மெடிக்காக, அதாவது அடிபட்டவர்களுக்கு அங்கேயே முதலுதவி செய்யும் ஆளாக இருந்தேன். தோளில் சுமந்த துப்பாக்கி முதல் 2 வருடம் எஸ்.எல்.ஆர்., அடுத்த 3 வருடம் இன்சாஸ், கடைசி 6 வருடம் கட்டை (தோளில் பதிக்கும் பின்பகுதி) மடங்கும் ஏ.கே. மூன்றையும் சுமந்த பிறகு சொல்கிறேன்: கையை விட்டதும் உடம்போடு ஒட்டி ஒதுங்கிக்கொள்ளும் துப்பாக்கிதான் மெடிக்குக்கு நல்லது. குறியெல்லாம் அப்புறம்.

எஸ்.எல்.ஆர். 1 மீட்டருக்கும் மேல் நீளம். கடம்பூர் மலையில் உண்ணிச்செடிப் புதருக்குள் குனிந்து போனால் குழல் மாட்டிக்கொண்டே வரும். அடிபட்டவன் பக்கத்தில் மண்டி போட்டாலோ கட்டை தரையில் இடித்து, குழல் காதருகே நிமிர்ந்து நிற்கும். இன்சாஸ் எனக்கு மிகவும் பிடித்தது. உதை குறைவு, எத்தனை ரவுண்டு (தோட்டா) மிச்சம் என்று மேகசினை, அதாவது தோட்டாக் கூட்டைப் பார்த்தாலே தெரியும். ஆனால் குழுவில் மற்றவர்கள் எல்லாரும் ஏ.கே.வுக்கு மாறிவிட்டார்கள். என் 5.56 மி.மீ. தோட்டா மேகசின் அவர்களுக்கு உதவாது, அவர்களுடையது எனக்கு உதவாது. மனசில்லாமல்தான் மாறினேன். மாறியது சரி.

துப்பாக்கியை விட அதன் வார் முக்கியம் என்று ஒரு பயிற்சியில்தான் புரிந்தது. சுட்டு முடித்த கையோடு, அடிபட்டவராகப் படுத்திருந்த தம்பியின் தொடையில் டூர்னிக்கெட் (ரத்தத்தை நிறுத்த இறுக்கும் பட்டை) கட்டக் குனிந்தேன். ஒற்றைக் கொக்கி வாரில் தொங்கிய ஏ.கே. முன்னால் ஆடி, சூடான குழல் அவன் கன்னத்தில் பட்டது. “ஏனுங்ணா, சுடுதுங்ணா!” என்று அலறினான். கன்னத்தில் கொப்புளம். அன்றைக்கே இரட்டைக் கொக்கி வாருக்கு மாறினேன். முதுகுக்குத் தள்ளி ஒரே இழுப்பில் இறுக்கிவிடலாம்.

அப்புறம் பழக்கம். எதிரே சூடு நடக்கும்போது மெடிக்கும் முதலில் திருப்பிச் சுட வேண்டும். அது ஓய்ந்ததும் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் நெம்புகோல்), முதுகு, இரண்டு கை, டூர்னிக்கெட். ஏ.கே.யின் சேஃப்டி வலப்பக்கம் இருக்கும். முழுக்க மேலே ஏற்றினால் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளும் பாகம்) ஓடும் பாதையை மூடிவிடும், கண்ணால் பார்க்காமலே தடவித் தெரிந்துகொள்ளலாம். ரத்தத்தில் விரல் வழுக்குமே என்று கையுறையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு பழகினேன். டூர்னிக்கெட் காயத்துக்கு 2, 3 அங்குலம் மேலே, ரத்தம் நிற்கும்வரை திருகி, கட்டிய நேரத்தை அதன் மேலேயே எழுத வேண்டும்.

பலரும் விட்டுவிடுவது அடிபட்டவன் துப்பாக்கியை. ரத்தம் போய் நினைவு தடுமாறுகிறவன் கையில் அது இருக்கவே கூடாது. குழுவில் உள்ள எல்லா ஆயுதத்தையும் இருட்டில் காலி செய்ய மெடிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதனால்தான். மேகசினை மட்டும் கழற்றிவிட்டு நகர்ந்தால் உள்ளே ஒரு ரவுண்டு இருக்கும். ஏ.கே.யில் சேஃப்டி மேலே இருந்தால் போல்ட் முழுசாகப் பின்னால் வராது. குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, மேகசினைக் கழற்றி, சேஃப்டியை இறக்கி, போல்ட்டை இழுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு மறுபடி சேஃப்டியை ஏற்றுங்கள்.