விலை தவறிய விற்பனையாளருக்கு எத்தனை நட்சத்திரம்?

இணையச் சந்தைகளில் நெடுங்காலமாக வாங்கிவருகிறேன். பித்தளைப் பாத்திரம், மின்விசிறி, பழைய நூல்கள், மிக்சிக்கு உதிரிப் பாகம் என்று பெரும்பாலும் சிறு விற்பனையாளர்களிடம்தான். வாங்கிய பொருள் எப்படி உழைத்தது என்று எழுதப் பலர் இருக்கிறார்கள். விலையைத் தவறாகப் போட்டுவிட்ட விற்பனையாளரை எப்படி மதிப்பிடுவது என்று எழுதுபவர்கள் குறைவு. இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. விலை தவறியதற்காக மட்டும் யாருக்கும் நட்சத்திரத்தைக் குறைக்கக் கூடாது. தவறு தெரிந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதற்குத்தான் மதிப்பெண்.

உறவுக்காரப் பெண்ணின் திருமணத்துக்குக் கொடுக்க ஒரு ஜோடிக் குத்துவிளக்கு தேடிக்கொண்டிருந்தபோது, 18 அங்குல உயர விளக்கு, ஜோடி 2,100 ரூபாய் என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. பித்தளைச் சாமான் எடைக்குத்தான் விலை போகும். அங்கே குறிப்பிட்டிருந்த எடையைப் பார்த்தால் இரண்டு விளக்குக்கு அந்த விலை உலோகத்துக்கே கட்டாது. பண்டிகைத் தள்ளுபடிக் காலம் என்பதால், தேவைக்கு ஒரு ஜோடி மட்டும் ஆர்டர் செய்தேன். அன்று மாலையே விற்பனையாளரிடமிருந்து தளத்தின் வழியாகச் செய்தி வந்தது: “மேடம், ஒற்றை விளக்கின் விலையை ஜோடிக்குப் போட்டுவிட்டேன். பக்கத்தில் இப்போது திருத்திவிட்டேன். இந்த விலைக்கு ஒரு விளக்கு அனுப்பட்டுமா, அல்லது ஆர்டரை நானே ரத்து செய்து பணத்தைத் திருப்பிவிடட்டுமா? ஜோடியாகவே வேண்டுமென்றால் புதிய விலையில் கூரியர் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.”

இந்தச் செய்தியை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், வேண்டியது எல்லாமே இதில் இருக்கிறது. பார்சல் கட்டுவதற்கு முன்பே சொன்னார். அடுத்தவர் ஏமாறாதபடி முதலில் பக்கத்தைத் திருத்தினார். காரணத்தை மறைக்கவில்லை. மீதிப் பணத்தை என் எண்ணுக்குத் தனியாக அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது என்பதால் இது பெரிய விஷயம். ரத்து செய்யும் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொண்டார். பழைய ஆர்டரை ரத்து செய்யச் சொல்லிவிட்டுப் புதிய விலையிலேயே வாங்கினேன். அவருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்ததோடு, விலை தவறியதையும் அதை அவர் சரிசெய்த விதத்தையும் முழுமையாக எழுதினேன். தவறே நடக்காத நூறு விற்பனைகளைவிட இப்படி ஒரு நிகழ்வுதான் ஒரு கடையைப் பற்றி அடுத்தவருக்கு அதிகம் சொல்லும்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. வேறொரு தளத்தில் ஒரு மின்விசிறி, கடை விலையில் பாதிக்குக் கிடைத்தது. பணம் கட்டிச் சில நாட்கள் எந்தத் தகவலும் இல்லை. பிறகு தொலைபேசியில் ஒருவர், “சரக்கு தீர்ந்துவிட்டது மேடம், நீங்களே ரத்து செய்துவிடுங்கள்” என்றார். அதே நேரத்தில் அதே மின்விசிறி அவருடைய பக்கத்தில் கூடுதல் விலைக்கு விற்பனையில் இருந்தது. பழைய கருத்துகளைப் புரட்டினால் அதே அழைப்பு, அதே வாசகம், வேறு வேறு வாங்குபவர்கள். ஒரே தவறு இத்தனை பேருக்குத் திரும்பத் திரும்ப நேர்ந்தால் அது தவறு இல்லை. குறைந்த விலையைக் காட்டி இழுப்பதுதான் அவர்கள் வேலை. இந்தியாவில் 2023 நவம்பரில் வெளியான, நுகர்வோரை ஏமாற்றும் இணைய உத்திகளுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளில், ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தள்ளிவிடும் தந்திரமும் தடை செய்யப்பட்ட 13 உத்திகளில் ஒன்றாக இருக்கிறது.

“நீங்களே ரத்து செய்யுங்கள்” என்பதன் உள்விவரத்தை வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய தளங்கள் விற்பனையாளருக்குக் கடுமையான அளவுகோல் வைத்திருக்கின்றன. உதாரணமாக, அமேசானில் அனுப்புவதற்கு முன் விற்பனையாளர் ரத்து செய்யும் ஆர்டர்கள் 2.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வாங்குபவர் கேட்டு ரத்தானால் அது விற்பனையாளர் கணக்கில் சேராது. நாம் பொத்தானை அழுத்தி, “எண்ணம் மாறிவிட்டது” என்ற காரணத்தைத் தேர்வு செய்தால், நடந்தது எதுவும் பதிவில் இருக்காது. எனவே யார் கேட்டாலும், எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், நான் ரத்து செய்வதில்லை. “உண்மையான காரணத்தோடு நீங்களே ரத்து செய்யுங்கள்” என்று தளத்தின் செய்திப் பெட்டியில் எழுதிவிடுகிறேன். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இல்லை. செய்திப் பெட்டியில் எழுதியது பதிவில் நிற்கும்.

நேர்மையான விலைத் தவறு எப்படி நேர்கிறது என்பது தெரிந்தால் கோபம் பாதி தணியும். நூற்றுக்கணக்கான பொருட்களை ஒரே அட்டவணையில் ஏற்றும்போது ஒரு பூஜ்யம் விடுபடுகிறது. பெட்டிக்கும் ஒற்றைக்கும் விலை மாறிப்போகிறது. போட்டியாளரின் விலையைப் பார்த்துத் தானே விலையை மாற்றும் மென்பொருள்களும் தவறுகின்றன. 2014 டிசம்பர் 12 அன்று பிரிட்டனில் அப்படியொரு மென்பொருள் கோளாறால், அமேசானில் பல சிறு வணிகர்களின் பொருட்கள் ஒரு மணி நேரம் வெறும் ஒரு பென்னிக்கு விற்பனையாயின. பல ஆர்டர்கள் ரத்து செய்யப்பட்டாலும், கிடங்கிலிருந்து கிளம்பிவிட்டவற்றை நிறுத்த முடியவில்லை. 2011இல் இதற்கு எதிர்த்திசையில் ஒன்று நடந்தது. இரண்டு விற்பனையாளர்களின் மென்பொருள்கள் ஒன்றை ஒன்று பார்த்து விலையை ஏற்றிக்கொண்டே போனதில், ஈக்களின் வளர்ச்சி பற்றிய ஓர் உயிரியல் நூலின் விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைத் தாண்டியது. மைக்கேல் ஐசன் என்ற உயிரியலாளர் கவனித்து எழுதிய பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது.

வாங்குபவரின் நேர்மையும் இங்கே கேள்விக்கு வருகிறது. சிங்கப்பூரில் 2003 ஜனவரியில் ஓர் இணையக் கடை, 3,854 சிங்கப்பூர் டாலர் மதிப்புள்ள லேசர் பிரிண்டரை 66 டாலருக்குக் காட்டியது. பயிற்சியின்போது ஒரு ஊழியர் உள்ளிட்ட எண் அப்படியே உண்மையான பக்கத்துக்குப் போய்விட்டது. நள்ளிரவில் செய்தி பரவி, நண்பர்கள் ஆறு பேர் மட்டும் சேர்ந்து 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். கடை மறுத்ததும் வழக்குத் தொடுத்தார்கள். விலை தவறானது என்று தெரிந்தே வாங்கியவர்களுக்கு ஒப்பந்தம் கைகொடுக்காது என்று 2004இல் உயர் நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. அந்தத் தீர்ப்பு எனக்கு முழுமையாக ஏற்புடையது. இப்படிப்பட்ட விலையில் பத்துப் பொருளை வாங்கிக் குவித்துவிட்டு, ரத்தானதும் ஒற்றை நட்சத்திரம் போடுபவரை நான் ஏமாந்தவராகக் கருதுவதில்லை.

ஆனால் வாங்குபவருக்கும் இழப்பு உண்டு என்பதைத் தளங்கள் கண்டுகொள்வதில்லை. பணம் திரும்ப வரும்வரை அது முடங்குகிறது. அதற்குள் மற்ற கடைகளின் தள்ளுபடி முடிந்துவிடுகிறது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், விற்கும் தரப்பு தன்னிச்சையாக ரத்து செய்யும்போது அதே அளவு கட்டணத்தைத் தானும் ஏற்காதவரை, வாங்குபவரிடம் ரத்துக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்கின்றன. இதைக் காட்டிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. பணம் திரும்பாமல் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலைக்கு மேல் கேட்டாலும் அதே எண்தான். அது விலைத் தவறு என்ற பேச்சுக்கே இடமில்லாத விதிமீறல்.

கருத்து எழுதும்போது பொருள், விற்பனையாளர், கூரியர் மூன்றையும் நான் கலப்பதில்லை. மழையில் நனைந்து வந்த பெட்டிக்காக மின்விசிறியைக் குறை சொல்வது அநியாயம். அதற்கு அடுத்தது, ஒரு நட்சத்திரத்தின் எடை. அமேசானில் ஒன்று அல்லது இரண்டு நட்சத்திரம் கொடுத்தாலே எதிர்மறைக் கருத்து. அப்படிக் கருத்து வந்த ஆர்டரும் குறைபாடுள்ளதாகக் கணக்காகும். அத்தகைய ஆர்டர்கள் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்தில் ஐம்பது ஆர்டர் மட்டுமே உள்ள ஒரு சிறு வணிகருக்கு, நம் ஒற்றைக் கருத்தே 2 சதவீதம். அதனால் முதலில் செய்தி அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, பிறகே எழுதுகிறேன். எழுதும்போது காட்டிய விலை, ஆர்டர் செய்த தேதி, வந்த பதில், பணம் திரும்பிய விதம் ஆகியவை மட்டும். “மோசடிக்காரன்” என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. அந்த விவரங்களைப் படித்து வாசகரே முடிவு செய்துகொள்வார்.

மின்விசிறி விற்றவருக்கு அப்படித்தான் ஒற்றை நட்சத்திரத்தோடு எழுதினேன். உடனே அழைப்பு வந்தது, கருத்தை நீக்கினால் பணம் தருவதாக. மறுத்துவிட்டேன். நீக்கச் சொல்லிப் பணம் கொடுப்பதும், பார்சலுக்குள் “ஐந்து நட்சத்திரத்துக்கு நூறு ரூபாய்” என்று சீட்டு வைப்பதும் ஒரே வேலைதான். அத்தகைய சீட்டு வந்தால் படம் எடுத்துத் தளத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.

தளங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அந்த மின்விசிறித் தளத்தில், வாங்குபவர் ரத்து செய்த ஆர்டருக்குக் கருத்து எழுத இடமே இல்லை. விற்பனையாளர் ரத்து செய்தால் மட்டுமே எழுத முடியும். ரத்துக் காரணப் பட்டியலில் “விற்பனையாளர் ரத்து செய்யச் சொன்னார்” என்ற ஒரு வரியைச் சேர்த்து, வாங்குபவர் ரத்து செய்த ஆர்டருக்கும் கருத்துப் பெட்டியைத் திறந்துவிட்டால், மின்விசிறிக்காரரின் பக்கத்துக்கு வருகிறவருக்குப் பணம் கட்டும் முன்பே விவரம் தெரியும்.