இணையத்தில் ஓர் ஆசிரியப் பயிற்சி: அறிவியல் பேராசிரியர்களுக்கான சர்ட்டில் படிப்பு

முனைவர் பட்டம் பெறுவதற்குள் ஓர் அறிவியலாளர் கருவிகளைக் கையாளவும், தரவுகளைச் சந்தேகிக்கவும், ஆய்வுக்கட்டுரை எழுதவும் ஆண்டுக்கணக்கில் பழகிவிடுகிறார். ஆனால் வேலையில் சேர்ந்த மறுமாதமே நிரம்பி வழியும் அரங்கில் பாடம் நடத்த வேண்டியவருக்கு, தம் ஆசிரியர்கள் எப்படி நடத்தினார்கள் என்ற நினைவைத் தவிர வேறு பயிற்சி பெரும்பாலும் கிடைப்பதில்லை. இந்தக் குறையைத் தீர்க்க அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியோடு 2003-இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்டதே சர்ட்டில் (CIRTL: ஆய்வு, கற்பித்தல், கற்றல் ஆகியவற்றை ஒருங்கிணைக்கும் மையம்) எனப்படும் அமைப்பு. அது 2014 முதல் வழங்கிவரும், சான்றுகளின் அடிப்படையில் இளநிலை மாணவர்களுக்கு அறிவியல் கற்பிப்பதற்கான இணையவழி அறிமுகப் படிப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். முனைவர் பட்ட ஆய்வாளர்களும் முதுமுனைவர் ஆய்வாளர்களும்தாம் இதன் முதன்மை இலக்கு. பணியில் இருக்கும் பேராசிரியர்களும் சேரலாம்.

படிப்பின் பலம் அதன் தொனியிலேயே தொடங்குகிறது. நல்லாசிரியருக்குரிய குணங்களைப் பட்டியலிட்டு உபதேசம் செய்யாமல், ஆய்வகத்தில் எதை ஆதாரமாக ஏற்பீர்களோ அதையே வகுப்பறையிலும் கேளுங்கள் என்கிறது. கேட்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. உயிரியலாளர் ஸ்காட் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளில் தேர்ச்சி பெறாதோர் சராசரியாக 33.8 விழுக்காடாகவும், மாணவர்கள் செயல்பட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்தனர். ஒரு மருந்துச் சோதனையில் இத்தகைய வேறுபாடு தெரிந்திருந்தால் பழைய மருந்தைத் தொடர்ந்து கொடுக்க எந்த மருத்துவரும் துணியமாட்டார்.

என் கணிப்பில் படிப்பின் மிகச் சிறந்த பகுதி கற்றல் நோக்கங்களைப் பற்றியது. ‘மாணவர் என்ட்ரோபியைப் (ஒழுங்கின்மையின் அளவு) புரிந்துகொள்வார்’ என்று எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. புரிந்துகொண்டாரா என்பதை எதை வைத்து அறிவது என்று கேட்டால் பதில் இருக்காது. அதையே ‘தரப்பட்ட ஒரு வேதிவினையில் என்ட்ரோபி கூடுமா குறையுமா என்று முன்கூட்டியே கணித்து, அதற்கான காரணத்தைச் சொல்வார்’ என்று மாற்றி எழுதினால், தேர்வு வினாவும் வகுப்புச் செயல்பாடும் அந்த வாக்கியத்திலிருந்தே பிறக்கின்றன. நோக்கம், மதிப்பீடு, செயல்பாடு என்ற வரிசையில் ஒரு பாடத்தைப் பின்னோக்கி வடிவமைக்க ஒருமுறை பழகியவர், பாடநூலின் அத்தியாய வரிசையை அப்படியே ஒப்பிக்க மீண்டும் போவது கடினம்.

அடுத்ததாகப் பயன்படுவது, ஹார்வர்டில் இயற்பியலாளர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய, சக மாணவர் வழியாகக் கற்கும் முறை. செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்து உச்சியை அடையும் கணத்தில், காற்றின் தடையைப் புறக்கணித்தால், அதன்மீது செயல்படும் விசை என்ன என்று கேட்டு வாக்கெடுத்தால், சுழி என்ற விடைக்குக் கணிசமான கைகள் உயரும். வேகம் சுழியானால் விசையும் சுழி என்ற தவறான எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், விடையை அறிவிக்காமல் பக்கத்தில் இருப்பவரோடு வாதிடச் சொல்லிவிட்டு மறுபடியும் வாக்கெடுக்க வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தால் கருத்தை மீண்டும் விளக்குவதே நல்லது; வாதிடத் தெரிந்தவர்களே அங்கு இருக்கமாட்டார்கள். மாணவர்கள் பொத்தானை அழுத்தி வாக்களிக்கும் கிளிக்கர் கருவி வாங்கித் தந்துவிட்டால் வகுப்பு தானாக மாறிவிடும் என்று நம்பும் நிர்வாகிகள் இந்தப் பகுதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. விரிவுரையைக் குறைக்கச் சொல்லும் படிப்பு, தன் கருத்துகளில் பெரும்பகுதியைக் காணொளி விரிவுரைகளாகவே தருகிறது. தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தலையசைப்பதைத் தாண்டி எதுவும் நிகழாமல் போகலாம். படிப்பை வடிவமைத்தவர்களுக்கும் இது தெரிந்தே இருக்கிறது. அதனால்தான் பங்கேற்பாளர்கள் தத்தம் பல்கலைக்கழகங்களில் சிறு கற்றல் குழுக்களாகக் கூடிப் பேச வழிசெய்தார்கள். அத்தகைய குழு அமைந்தால் படிப்பின் மதிப்பே வேறு. எடுத்துக்காட்டுகள் அமெரிக்க இளநிலை வகுப்பறையைச் சுற்றியே வருவதால், வேறு பாடத்திட்டத்தில் பணியாற்றுவோர் தமக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இவற்றைவிடக் கனமான தடை படிப்புக்கு வெளியே இருக்கிறது. ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், செயல்பட்டுக் கற்ற மாணவர்கள் சோதனையில் கூடுதலாக மதிப்பெண் பெற்றும், தாங்கள் குறைவாகவே கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையே தங்களுக்கு அதிகம் கற்றுத்தந்ததாக அவர்களுக்குத் தோன்றியது. பதவி உயர்வுக்கு மாணவர் கருத்துப்படிவத்தை நம்பியிருக்கும் ஓர் இளம் பேராசிரியருக்கு இது அச்சமூட்டும் செய்தி. முறையை மாற்றுவதற்கு முன்பே, ஏன் மாற்றுகிறோம் என்பதை முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் தரவுகளோடு பேசிவிடுவது இதற்கு ஓரளவு மருந்தாகும். துறைத்தலைவரிடமும் அதைப் பேசவேண்டும் என்பது என் கருத்து. ஆய்வுக்கட்டுரைகளை மட்டுமே எண்ணும் துறையில் இந்தப் படிப்பால் தனியே எதையும் சாதிக்க இயலாது.

இன்னும் வகுப்பெடுக்கத் தொடங்காத ஆய்வாளர்கள் முழுப் படிப்பையும் வரிசையாக, இயன்றால் இரண்டு மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு முடிக்கலாம். நடப்புப் பருவத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பவர்கள், கற்றல் கோட்பாடுகளைப் பேசும் தொடக்கப் பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, கற்றல் நோக்கங்களுக்கான பகுதியோடு அடுத்த வாரத்துப் பாடம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குவதே மேல்.