கூத்து மேடைக்கு எந்த கார்ட்லெஸ் மைக்: அனலாகா, டிஜிட்டலா?

பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கூத்து மேடைகளுக்கு கார்ட்லெஸ் மைக் வாங்கும்போது முதலில் விசாரிப்பது, எவ்வளவு தூரம் எடுக்கும் என்பதைத்தான். டிரான்ஸ்மிட்டருக்குள், அதாவது குரலை ரேடியோ அலையாக அனுப்பும் பகுதிக்குள், குரல் என்ன ஆகிறது என்பதை அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும் என்பேன். விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் கர்ணன் முழங்குவதும் கேட்க வேண்டும், குந்தி விசும்புவதும் கேட்க வேண்டும்.

அனலாக் யூஹெச்எஃப் (சில நூறு மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை) மைக்கில் குரல் எஃப்.எம். அலையாகப் போகிறது. அந்த வழி சுமாராக 50 டெசிபல் வீச்சைத்தான் இரைச்சலில்லாமல் தாங்கும். அதனால் டிரான்ஸ்மிட்டர் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாகச் சுருக்கி அனுப்புகிறது, ரிசீவர் அதை இரண்டு மடங்காக விரிக்கிறது. 100 டெசிபல் 50 ஆகிப் போய், மறுபடி 100 ஆகிறது. இதைச் செய்யும் அமைப்புதான் கம்பாண்டர். வழியில் ஒட்டிக்கொண்ட ‘உஸ்’ இரைச்சலை, குரல் ஓய்ந்த நேரத்தில் ரிசீவர் கீழே அமுக்கிவிடும். மேல்சுருதி ஒலிகளை அனுப்பும்போது தூக்கி, வாங்கும்போது அதே அளவு இறக்குவதாலும் இரைச்சல் குறைகிறது.

ஆனால் கம்பாண்டர் மட்டமாக இருந்தால் குரலோடு சேர்ந்து இரைச்சலும் எழும்பும், வசனம் நின்ற பிறகு இழுத்து இழுத்து அடங்கும். உச்சத்தில் பாடும்போது இது மறைந்துவிடுகிறது. அடித்தொண்டையில் மெல்லப் பேசும் இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். வாங்குமுன் அப்படிப் பேசிப் பாருங்கள், ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ மட்டும் போதாது.

டிஜிட்டலில் குரல் எண்களாக மாறிப் போவதால் பெரும்பாலும் கம்பாண்டர் தேவையில்லை. விசும்பல் அப்படியே வரும், சந்தேகமில்லாமல் இதுவே சுத்தம். மேடைக்கான வகைகளில் குரல் சில மில்லி விநாடி தாமதிக்கும். 3 மில்லி விநாடி என்பது ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கும் நேரம், பாடுபவருக்கு அது உறுத்தாது. சிக்கல் வேறிடத்தில். அனலாக்கில் சிக்னல் குறைந்தால் இரைச்சல் எச்சரிக்கும், டிஜிட்டலில் குரல் சட்டென்று அறுந்துவிடும். மலிவான டிஜிட்டல் மைக்குகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை. வைஃபை, ஹாட்ஸ்பாட், புளூடூத் எல்லாம் அங்கேயேதான். மனித உடம்பும் அந்த அலையை நன்றாக உறிஞ்சும். திருவிழாக் கூட்டத்தின் நடுவே ரிசீவரை வைத்தால் வசனம் துண்டு துண்டாகும்.

சில காலர் மைக்குகள் டிரான்ஸ்மிட்டரிலேயே பின்னணி ஒலியை நீக்கித் தருகின்றன. பேச்சுக்காகச் செய்தது அது. பாட்டையும் சலங்கையையும் சேர்த்தே தின்னும், கூத்துக்கு அணைத்து வையுங்கள்.

என் தேர்வு: திறந்தவெளிக் கூத்துக்கு, கையில் பணமிருந்தால் யூஹெச்எஃப் டிஜிட்டல். இல்லாவிட்டால் இரண்டு ஆண்டெனாவில் நல்ல சிக்னல் வருவதை எடுத்துக்கொள்ளும் டைவர்சிட்டி ரிசீவரோடு நல்ல அனலாக் செட். கிருஷ்ணகிரியில் ஒரு சிறிய மண்டபத்தில் பட்டிமன்றம் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸே போதும், ரிசீவரை மேடையிலேயே பேசுபவருக்கு நேராக வைத்துவிடலாம்.

எதை வாங்கினாலும் கெயினை (குரலை எவ்வளவு ஏற்றுவது என்ற அளவை) டிரான்ஸ்மிட்டரிலேயே சரிசெய்யுங்கள். நடிகர் உச்சக் குரலில் அடவு போட்டுப் பாடட்டும், ஒலி அளவு மீறும்போது எரியும் பீக் விளக்கு எப்போதாவது மட்டும் மின்னும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே குறைவாக வைத்து மிக்சரில் ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும். காற்றின் ‘டம் டம்’ கம்பாண்டரைக் குழப்பாமலிருக்க, லோ-கட் (அடிச்சுருதி ஒலியை வெட்டும் வசதி) இருந்தால் அதையும் டிரான்ஸ்மிட்டரிலேயே போட்டுவிடுங்கள், மைக் தலைக்கு ஸ்பாஞ்ச் உறையும் மாட்டுங்கள்.