சிக்னலில் ஐந்து ஆண்டுகள்: கடைப் பையன் படித்த செய்தி

டிஸ்பிளே மாற்றக் கொடுத்திருந்த போனை வாங்கப் போனபோது, பழுது பார்த்த பையன் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான்: "அக்கா, உங்கள் தங்கைக்கு ரிப்போர்ட் நல்லபடியாக வந்துவிட்டதாம். வெறும் கொழுப்புக் கட்டிதானாம்."

பத்து நாளாக எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் அது. மாமியார் வீட்டுக்குத் தெரியவேண்டாம் என்று தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கும் எனக்கும் மட்டும், அதுவும் வாட்ஸ்அப் போன்ற சிக்னல் என்ற செய்திச் செயலியில் மட்டும்தான் எழுதுவாள். கடையிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி சந்தோஷம். மீதி என்னவென்று பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் புதிய தனியுரிமைக் கொள்கையைக் கண்டு மிரண்டு ஓடிய கூட்டத்தோடு ஓடியவள் நான். வந்த கூட்டம் தாங்காமல் சிக்னலே ஒரு நாள் படுத்துவிட்டது நினைவிருக்கலாம். அன்று உடன் வந்தவர்களில் பெரும்பாலோர் பொங்கல் முடிந்ததும் வாட்ஸ்அப்புக்கே திரும்பிவிட்டார்கள். என் பட்டியலில் நான்கு பேர் மிஞ்சினார்கள். அந்த நால்வருக்காகவே இத்தனை காலம் வைத்திருக்கிறேன்.

"வாட்ஸ்அப்பிலும் மறையாக்கம் இருக்கிறதே, பிறகு இது எதற்கு?" என்று தோழி ஒருத்தி போன மாதம் கேட்டாள். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவதுதான் மறையாக்கம். கேள்வி நியாயம்தான். 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகளைப் பூட்டுவதும் சிக்னல்காரர்கள் உருவாக்கிய அதே முறைதான். வேறுபாடு கடிதத்தில் இல்லை, உறையில் இருக்கிறது: யார், யாருக்கு, எப்போது எழுதினார்கள் என்கிற விவரத்தில். அதே 2016இல் அமெரிக்க நீதிமன்றம் ஒரு பயனரைப் பற்றிய தகவல்களைக் கேட்டபோது, சிக்னலிடம் கொடுக்க இருந்தவை இரண்டே இரண்டு: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். இதைப் படித்துவிட்டு நான் கொண்ட கர்வம் கொஞ்சமல்ல. 2024இல் தொலைபேசி எண்ணை மறைத்துவைக்கும் வசதியும் வந்தபோது, இனி நம்மை யார் என்ன செய்ய முடியும் என்று இருந்தேன்.

அமெரிக்க நீதிமன்றத்தால் முடியாததை, நம் ஊர்க் கடைப் பையன் தேநீர் குடித்துக்கொண்டே செய்துவிட்டான்.

அவன் எதையும் நோண்டவில்லை. புதிய திரையில் தொடுதல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே செய்தி வந்து விழுந்திருக்கிறது, பெயரோடும் முழு வாசகத்தோடும். திரைப்பூட்டின் எண்ணை ரசீதின் பின்பக்கம் என் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். அறிவிப்பில் என்ன தெரியவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி சிக்னலிலேயே இருக்கிறது: பெயரும் செய்தியும், பெயர் மட்டும், இரண்டும் வேண்டாம். முதலாவதுதான் இயல்பாக அமைந்திருப்பது. ஐந்து ஆண்டில் நான் அந்தப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. செயலி அவ்வப்போது 'பின்' (PIN) எண்ணைக் கேட்டு நினைவூட்டும்போதெல்லாம், அதுதான் என் செய்திகளுக்குப் பூட்டு என்று நம்பி உற்சாகமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அது கணக்கைக் காக்கும் எண். கையில் போனை வைத்திருப்பவரைத் தடுக்கும் எண் அல்ல. எல்லாத் தப்பும் என் மேல்தான். ஆனாலும் இதை எழுதும்போதுகூட எரிச்சலாக வருகிறது, யார் மேல் என்று சொல்லத் தெரியாமல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நானும் தங்கையும் ஒரு வாரத்தில் செய்திகள் தாமாக மறையும்படி வைத்திருக்கிறோம். பெறுபவரின் போனில், அவர் திறந்து பார்த்த பிறகே அந்த ஒரு வாரம் ஓடத் தொடங்கும். கடைப் பையன் படித்தது கணக்கில் சேராது. நான் வீட்டுக்கு வந்து திறந்த நிமிடத்திலிருந்துதான் சிக்னல் மிகுந்த கடமையுணர்ச்சியோடு நாள் எண்ணத் தொடங்கியது.

பழுதுக்குக் கொடுப்பவர்களுக்கு ஒன்று: சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்', கூகுள் பிக்சலில் 'ரிப்பேர் மோட்' என்று இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் செயலிகளும் படங்களும் கடைக்காரர் கண்ணில் படாது. என் சாம்சங்கிலும் இருந்திருக்கிறது, போனை வாங்கிய நாளிலிருந்து.

சரி, தோழிக்கு என்ன பதில்? சிக்னலுக்கு வா என்றுதான் சொன்னேன். ஆனால் தங்கையிடம், இனி மருத்துவமனை விஷயம் எதுவானாலும் எழுதாதே, போனில் கூப்பிட்டுச் சொல் என்றும் சொல்லிவிட்டேன். இரண்டுமே மனதறிந்து சொன்னவைதான்.

அன்றிரவு அம்மாவின் போனிலும் அறிவிப்பை மாற்றிவிடலாம் என்று எடுத்தேன். சிக்னல் சின்னத்தின் மேல் 214 என்று நின்றது. அத்தனையும் திறக்காத செய்திகள்.

"இதையெல்லாம் படிக்கவே இல்லையா அம்மா?"

"படிக்காமல் என்ன? வரும்போதே மேலே தெரிகிறதே. உள்ளே போய்த் திறந்தால் ஏதாவது அழிந்துவிடும் என்று தொடுவதில்லை."

அவள் சொன்னதும் சரிதான். திறக்காததால் எதுவும் அழியவில்லை. கட்டி கண்ணில் பட்ட நாள் முதல் தங்கை எழுதியது எல்லாம் வரிசையாக அப்படியே கிடந்தது. அறிவிப்பை மறைத்துவிட்டால் அம்மாவுக்குச் செய்தியே போய்ச் சேராது. எதையும் தொடாமல் போனை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.