பிரிட்டனுக்கு வரும் வெளிநாட்டுப் பார்சல்: எந்தக் கூரியர் எவ்வளவு பிடிக்கிறது

வெளிநாட்டுக் கடையில் வாங்கிய பொருள் வீட்டுக்கு வருமுன் "பணம் கட்டுங்கள்" என்று தகவல் வரும். எல்லாமே சுங்கவரி என்று நினைத்துக் கட்டிவிடுகிறோம். அதில் இரண்டு பணம் கலந்திருக்கிறது. ஒன்று அரசுக்குப் போகும் சுங்கவரியும் வாட் என்னும் மதிப்புக்கூட்டு வரியும். மற்றது, அந்த வரியை நமக்காக முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் கையாளும் கட்டணம். பார்சல் எந்த வழியாக வந்தாலும் வரி ஒன்றுதான். கட்டணம் மட்டும் வழிக்கு வழி மாறும். அதைக் குறைப்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது, அதுவும் கடைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு. பார்சல் கிளம்பிய பிறகு செய்யக்கூடியது மிகக் குறைவு.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்குப் பொருந்தும். வட அயர்லாந்துக்கு விதிகள் வேறு.

முதலில் 135 பவுண்ட் வரம்புக் கோடு. 2021 ஜனவரி 1 முதல், 135 பவுண்டும் அதற்குக் கீழும் உள்ள சரக்குக்குச் சுங்கவரி இல்லை. வாட்டைக் கடையே விற்கும்போது வாங்கிவிட வேண்டும். வாசலில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. 135-ஐத் தாண்டினால் சுங்கவரி, வாட் இரண்டும் எல்லையில் விழும், கூடவே கையாளும் கட்டணமும். இந்த 135 ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி இல்லை, ஒரு பார்சலில் உள்ள எல்லாம் சேர்த்து. அனுப்பும் செலவை இன்வாய்ஸில் தனியாகக் காட்டியிருந்தால் 135-இல் சேராது. "ஷிப்பிங் உட்பட" என்று ஒரே தொகையாகப் போட்டிருந்தால் மொத்தமும் சேர்ந்துவிடும். இப்படி எழுதியதாலேயே கோட்டைத் தாண்டும் பார்சல்கள் நிறைய. வருவாய்த் துறை நாணய மாற்றுக்கு மாதந்தோறும் தன் விகிதத்தை வெளியிடுகிறது. பேங்க் கார்டில் 134 என்று கழிந்த பொருள் அந்தக் கணக்கில் 136 ஆகலாம். கோட்டுக்கு அருகில் வாங்குவதானால் ஐந்தாறு பவுண்ட் இடைவெளி விடுங்கள்.

எட்டு பவுண்ட் வித்தியாசம் என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கக் கடையிலிருந்து பெரியவர்களுக்கான தைத்த ஆடை, அனுப்பும் செலவு 15 பவுண்ட். ஆடையின் விலை 132 என்றால் கடை வாங்கும் வாட் 147-இல் 20 சதவீதம், அதாவது 29.40. அத்தோடு முடிந்தது. விலை 140 என்றால், தைத்த ஆடைக்கான வழக்கமான சுங்கவரி 12 சதவீதம் 155 மேல் விழும்: 18.60. அந்த வரியையும் சேர்த்து 173.60 மேல் வாட்: 34.72. ராயல் மெயிலில் வந்தால் இன்னும் 8 பவுண்ட். ஆக 61.32. கோட்டைத் தாண்டியபின் அனுப்பும் செலவுக்கும் வரி உண்டு, வரிக்கும் வாட் உண்டு என்பதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

இனி கூரியர்கள்.

ராயல் மெயில் வழியாக வருவதுதான் சாதாரண வாங்குபவருக்கு மலிவு. வெளிநாட்டு அஞ்சல் துறை வழியே அனுப்பிய சிறு பார்சல் இங்கே இவர்களிடம்தான் வரும். கையாளும் கட்டணம் 8 பவுண்ட், வரி 5 பவுண்டானாலும் 50 ஆனாலும் அதே 8. சாம்பல் நிறக் கார்டு ஒன்று கதவில் விழும். அதிலுள்ள எண்ணைப் போட்டு இணையத்தில் கட்டிவிட்டு, கொண்டுவரும் நாளைத் தேர்ந்தெடுக்கலாம். சுமார் மூன்று வாரம் வைத்திருப்பார்கள், கட்டாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் இந்த மூன்று வாரத்தை மனதில் வைக்க வேண்டும். குறை என்றால் வேகம்தான்: பார்சல் சுங்கத்தில் நிற்கும்போது ட்ராக்கிங் நாள்கணக்கில் அசையாது.

பெரிய, கனமான அஞ்சல் பார்சல் பார்சல்ஃபோர்ஸிடம் போகும். கட்டணம் 12 பவுண்டில் தொடங்குகிறது. வேலை முறை ஏறக்குறைய அதேதான், கார்டுக்குப் பதில் கடிதம் வரும்.

டிஎச்எல், ஃபெடெக்ஸ், யூபிஎஸ் போன்ற விரைவுக் கூரியர்களின் கணக்கு வேறு. வரியை அவர்கள் கட்டிவிட்டு, அதற்கு ஒரு சதவீதம் அல்லது ஒரு குறைந்தபட்சத் தொகை, இதில் எது கூடுதலோ அதை வாங்குகிறார்கள். வழக்கமாக வரித்தொகையில் 2.5 சதவீதம், குறைந்தபட்சம் 10 பவுண்டுக்கு மேல். பட்டியல் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அவ்வப்போது திருத்தவும் செய்வார்கள். இந்தக் கணக்கில் வரி 400 பவுண்டை எட்டாதவரை நீங்கள் கட்டுவது குறைந்தபட்சத் தொகைதான். சின்னப் பொருளுக்கு இது நியாயமே இல்லை. 20 பவுண்ட் வாட்டைக் கட்டிக் கொடுக்க 12 பவுண்ட் என்றால், அது கந்துவட்டியை விட மோசம். விலையுயர்ந்த பொருளுக்கு, அதுவும் உடையக்கூடியதற்கு, இவர்கள் வேகமும் ட்ராக்கிங்கும் அந்தப் பணத்துக்குத் தகும். இன்னொன்று: இவர்களில் சிலர் பார்சலை முதலில் கொடுத்துவிட்டு, பில்லைப் பின்னால் அனுப்புவார்கள். பார்சல் வந்துவிட்டதே, வரி இல்லை போலும் என்று எண்ணி அந்தக் கடிதத்தை ஒதுக்கினால் வசூல் நோட்டீஸ் வரும்.

ஆகவே கடையின் பணம் கட்டும் பக்கத்தில் "இலவச எக்ஸ்பிரஸ்" என்று இருந்தால் சந்தோஷப்படாமல், சாதாரண அஞ்சல் வழி இருக்கிறதா என்று பாருங்கள். கடையே வரியெல்லாம் கட்டி அனுப்பும் ஏற்பாடு, அதாவது டிடிபி, இருந்தால் இன்னும் நல்லது. அமேசான் உலகக் கடையில் இறக்குமதி வைப்புத்தொகை என்று முன்பே எடுப்பார்கள், உண்மையான வரி குறைவாக இருந்தால் மிச்சத்தைத் திருப்பித் தருவார்கள். வாசலில் கட்டணம் கேட்கும் தொல்லை இதில் இல்லை.

அடுத்து லேபிள். தவறாக விழும் வரியில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. அஞ்சல் பார்சலின் மேல் ஒட்டும் சிறிய சுங்கத் தாளுக்குப் பெயர் சிஎன் 22, மதிப்பு கூடினால் சிஎன் 23. அதில் பொருள் என்ன, எத்தனை, எடை, மதிப்பு, எந்த நாணயம், பரிசா விற்பனையா என்று கட்டங்கள் இருக்கும். சென்னையிலிருந்து வரும் புத்தகப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அச்சிட்ட புத்தகத்துக்குச் சுங்கவரியும் பூஜ்யம், வாட்டும் பூஜ்யம். எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் வரி இல்லை, வரி இல்லாததால் ராயல் மெயில் கட்டணமும் இல்லை. ஆனால் கடைக்காரர் அந்தத் தாளில் "பொருட்கள்" என்றோ "ஸ்டேஷனரி" என்றோ எழுதிவிட்டால், அதிகாரி 20 சதவீதம் போடத்தான் செய்வார். "அச்சிட்ட புத்தகங்கள், தமிழ், 14 பிரதி" என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். புத்தகத்தோடு தினசரி நாள்காட்டியும் டைரியும் போட்டால் கவனம் தேவை. அவை இரண்டுக்கும் 20 சதவீத வாட் உண்டு. அவற்றைப் பிரித்துத் தனி விலையோடு எழுதாவிட்டால் மொத்தப் பெட்டிக்கும் வாட் விழலாம்.

குழந்தைகளின் ஆடையும் அப்படித்தான். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான ஆடைக்கு வாட் பூஜ்யம். பட்டுப் பாவாடையை "சில்க் டிரஸ்" என்று மட்டும் எழுதினால் பெரியவர்கள் ஆடையாக எடுத்துக்கொள்வார்கள். "குழந்தை ஆடை, வயது 6" என்று இருக்க வேண்டும். 135 பவுண்டைத் தாண்டினால் சுங்கவரி மட்டும் தப்பாது.

ஊரிலிருந்து அம்மா அனுப்பும் பரிசுப் பார்சலுக்கு வேறு கோடு: 39 பவுண்ட் வரை வாட் இல்லை. தனிமனிதர் தனிமனிதருக்கு, பிறந்தநாள் தீபாவளி போன்ற சந்தர்ப்பத்துக்காக, சொந்த உபயோகத்துக்கு அனுப்பியதாக இருக்க வேண்டும். கடையில் நீங்கள் பணம் கட்டி, கடைக்காரர் பரிசு என்று டிக் அடித்தால் அது பரிசு ஆகாது. பெட்டிக்குள் இன்வாய்ஸ் இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். நான்கு பேருக்கு ஒரே பெட்டியில் அனுப்பினால் நான்கு 39 கிடைக்கும், மூன்று நிபந்தனை: வெவ்வேறு ஆளுக்கானதாக இருக்கணும், ஒவ்வொன்றும் தனியாகச் சுற்றியிருக்கணும், தாளில் தனித்தனி மதிப்போடு எழுதியிருக்கணும். நான்கையும் ஒரே பையில் திணித்து "துணிமணி 120 பவுண்ட்" என்று எழுதினால் சலுகை போய்விடும். அந்தப் பெட்டியில் பால்கோவா வைக்கச் சொல்லாதீர்கள். இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் தனிமனிதர் தருவிக்கத் தடை இருக்கிறது, எடுத்து அழித்துவிடுவார்கள்.

பாரிஸ் லா ஷப்பேல் பகுதியின் தமிழ்க் கடைகளிலிருந்து புடவை தருவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவிலிருந்து வருவதால் சுங்கவரி இல்லை என்பது அங்கே உற்பத்தியான பொருளுக்கு மட்டும். காஞ்சிபுரத்தில் நெய்த புடவை பாரிஸ் வழியாக வந்தாலும் இந்தியப் பொருள்தான், அந்தச் சலுகை ஒட்டாது. போதாததற்குக் கடைக்காரர் பிரான்ஸின் 20 சதவீத வாட்டைக் கழிக்காமல் விற்றால், இங்கே வாட் இரண்டாம் முறை விழும். ஏற்றுமதி விலையில் இன்வாய்ஸ் கேளுங்கள்.

தவறாகப் பிடித்துவிட்டால் மீட்க வழி இருக்கிறது, ஆனால் பெட்டியைக் கிழித்து ரீசைக்ளிங்கில் போட்டுவிட்டால் பாதி ஆதாரம் போய்விடும். ராயல் மெயில், பார்சல்ஃபோர்ஸ் பார்சலுக்கு பிஓஆர் 286 படிவம். வரித்தொகை எழுதிய லேபிள், சுங்கத் தாள், கடையின் ரசீது மூன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். 135-க்குக் கீழ் கடையில் வாட் கட்டியும் எல்லையில் மறுபடி வாங்கிவிட்டால், ரசீதில் வாட் தனியாகத் தெரிவதுதான் உங்கள் ஆதாரம். விரைவுக் கூரியர் என்றால் சி 285 படிவம். அதற்கு இறக்குமதிப் பதிவு எண், எம்ஆர்என், தேவைப்படும். கூரியரிடம் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தரமாட்டார்கள். பொருளைத் தவறான வகையில் பதிந்தது கூரியர் என்றால், முதலில் அவர்களுடைய வரிப் பிரிவுக்கே எழுதித் திருத்தச் சொல்வது வேகமான வழி. படிவங்கள் இரண்டும் வரிக்கு மட்டும். கையாளும் கட்டணத்தை நிறுவனத்திடம் தனியாகக் கேட்க வேண்டும், வரி தவறு என்ற கடிதம் கையில் இருந்தால் கேட்பது சுலபம்.

பார்சல் நிற்கிறது, 1.99 பவுண்ட் கட்டுங்கள் என்று வரும் எஸ்எம்எஸ் மோசடி. ராயல் மெயிலின் கையாளும் கட்டணமே 8 பவுண்ட் என்பதே அதைப் பிடிக்கப் போதும். லிங்க்கைத் தொடாமல், அந்த எஸ்எம்எஸ்ஸை மோசடிப் புகார் எண்ணான 7726-க்கு அனுப்பிவிட்டு, கார்டில் அல்லது ட்ராக்கிங் பக்கத்தில் உள்ள எண்ணை நீங்களே தட்டிப் பாருங்கள்.